ஸ்பிரிங் பிரேக்குக்கு ஊர் தேடும் அம்மா அப்பாக்களுக்கு: முதலில் கடல் தண்ணீரின் வெப்பத்தைப் பாருங்கள்

மார்ச் கடைசி வாரம் சிகாகோ பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு ஸ்பிரிங் பிரேக் என்கிற வசந்தகால லீவு விடும்போது இங்கே மரம்கூடத் துளிர்த்திருக்காது. நவம்பரிலிருந்து கோட்டும் பூட்ஸுமாகத் திரிந்த பிள்ளைகளுக்கு வெயில் வேண்டும், தண்ணீர் வேண்டும். சின்னப் பிள்ளைகளாக இருந்தவரை மணலும் ஒரு வாளியும் இருந்தால் போதும். எங்கள் வீட்டில் அப்போது பெண்ணுக்குப் பதினாறு, பையனுக்குப் பதின்மூன்று. இரண்டுங்கெட்டான் வயது. டிஸ்னி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கல்லூரிப் பசங்க கூத்தடிக்கிற ஊருக்கு நாம் கூட்டிப்போக மாட்டோம். இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கதகதப்பான ஊர், கையைக் கடிக்காத செலவில் எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு ஊர் சொல்வார்களே தவிர, எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. 2024-ல் நான் அதைப் பணம் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த வருடம் மாமனாருக்கு மதுரையில் பைபாஸ் ஆபரேஷன். கணவர் ஓடினார். திரும்பி வர விசா ஸ்டாம்பிங், அதாவது அமெரிக்கத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டில் புது விசா ஒட்டி வாங்குவதற்குத் தேதி கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். பிள்ளைகளின் லீவை ரத்து செய்ய மனசில்லை. அப்பாவும் இல்லை, லீவும் இல்லை என்றால் அவர்கள் ரொம்ப உடைந்துபோவார்கள் என்று பட்டது. தமிழ்ச் சங்கத்து வாட்ஸப்பில் கேட்டதும் முதலில் வந்த பதில், "கான்கூன் போங்க அக்கா, சாப்பாடு, தண்ணி, கடல் எல்லாம் ஒரே விலையில முடிஞ்சிரும்" என்பதுதான். கான்கூன் மெக்சிகோவின் கடற்கரை ஊர். சொன்னவர்கள் எல்லோரும் அமெரிக்க சிட்டிசன்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் மெக்சிகோவுக்கு விசா இல்லாமல் போக வேண்டுமென்றால் செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ போல ஒன்று கையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள ஸ்டாம்ப் காலாவதியாகி, அமெரிக்காவில் தங்க அனுமதி கொடுத்த ஐ-797 அப்ரூவல் காகிதம் மட்டும் இருந்தால் அது மெக்சிகோவுக்குப் போதாது. எச்-1பி வேலை விசாவிலும் அதைச் சார்ந்த எச்-4 குடும்ப விசாவிலும் இருக்கும் பல பேருக்கு நிலைமை இதுதான். டிக்கெட் போடும்போது எந்த இணையதளமும் இதைக் கேட்காது; விமான நிலையக் கவுன்டரில்தான் கேட்பார்கள். நல்லவேளையாக எனக்கு இது முன்பே தெரிந்திருந்ததால் கான்கூனை அப்போதே விட்டுவிட்டேன்.

அடுத்து எல்லோரும் சொன்னது ஃப்ளோரிடாவின் டெஸ்டின். இல்லினாய், இண்டியானா, டென்னசி குடும்பங்கள் வருடாவருடம் காரிலேயே போகிற ஊர். சர்க்கரை மாதிரி வெள்ளை மணல், பச்சை நீலத்தில் கண்ணாடித் தண்ணீர். படம் பார்த்ததும் பெண், "அம்மா, இதுதான்" என்று சொல்லிவிட்டாள். இங்கிருந்து தொள்ளாயிரம் மைலுக்கு மேல். தனியாக அவ்வளவு தூரம் ஓட்ட முடியாது என்பதால் பென்சகோலாவுக்கு விமானம், அங்கிருந்து வாடகைக் கார் என்று முடிவு. டெஸ்டினுக்கே நேராகப் போகும் டிக்கெட்டை விட மூன்று பேருக்கும் சேர்த்து முந்நூறு டாலர் குறைவு. நேரம் கொஞ்சம் கூட ஆனாலும் இதை இன்றும் யாருக்கும் சொல்வேன்: ஊருக்குள் இருக்கும் விமான நிலையத்தை மட்டும் பார்க்காமல் ஒன்றரை மணி நேரத் தூரத்துக்குள் வேறு என்ன இருக்கிறது என்றும் பாருங்கள்.

வீட்டு வாடகையில்தான் முதல் அடி. ஒரு இரவுக்கு 189 டாலர் என்று போட்டிருந்த வீடு. கிளீனிங், சர்வீஸ், "ரிசார்ட் வசதி" என்று ஒன்று, அதற்கு மேல் ஃப்ளோரிடா விற்பனை வரியும் கவுன்டியின் சுற்றுலா வரியும் எல்லாம் சேர்த்துக் கடைசிப் பக்கத்தில் பார்த்தால் ஒரு இரவுக்கு 310 ஆகிவிட்டது. அந்த வருடம் ஈஸ்டர் மார்ச் 31-ல் வந்ததால் எங்கள் பள்ளி லீவும் தெற்கு மாநிலங்களின் ஈஸ்டர் கூட்டமும் ஒரே வாரத்தில் மோதின. ஈஸ்டர் வருடத்துக்கு வருடம் நகரும் பண்டிகை. 2027-ல் மார்ச் 28-ல் வருகிறது, ஆகவே அந்த வருடமும் மார்ச் கடைசி வாரம் இதே நெருக்கடிதான். உங்கள் பள்ளி நாள்காட்டியை ஈஸ்டரோடு பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு பட்ஜெட் போடுங்கள். 2025 மே மாதத்திலிருந்து, தங்குமிடங்கள் கட்டாயக் கட்டணங்கள் எல்லாவற்றையும் சேர்த்தே விலையைக் காட்ட வேண்டும் என்று மத்திய வர்த்தக ஆணையம் விதி கொண்டுவந்திருக்கிறது. அது பெரிய நிம்மதி. ஆனால் வரியைத் தனியாகக் காட்ட இன்னும் அனுமதி உண்டு. "வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்" என்கிற கட்டணங்களும் அந்த விலைக்குள் வராது. அப்படி ஒரு கட்டணம்தான் எங்கள் வாரத்தையே குலைத்தது.

சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். பையன் பெட்டியைக்கூடத் திறக்காமல் பின்பக்கத்து நீச்சல் குளத்தில் குதித்தான், குதித்த வேகத்தில் ஏறி வந்தான். உதடு நீலம் பாரித்துப் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. படத்தில் நீராவி பறக்கக் காட்டியிருந்த அதே குளம்தான். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு போன் பண்ணினால், குளத்தைச் சூடாக்குவதற்கு நாளுக்கு அறுபது டாலர், குறைந்தது மூன்று நாளுக்குக் கட்ட வேண்டும், இன்று போட்டால் நாளை மறுநாள்தான் குளிக்கிற பதத்துக்கு வரும் என்றார். "பூல் ஹீட்" என்பது ஃப்ளோரிடா வாடகை வீடுகளில் சர்வசாதாரணமாகத் தனிக் கட்டணம். விளம்பரத்தில் எங்கோ அடியில் ஒரு வரியில் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. வீடு எடுக்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள்: குளம் சூடாக்கப்படுமா, எத்தனை டிகிரி வரை, எவ்வளவு, எப்போது போட்டால் நாங்கள் வரும்போது தயாராக இருக்கும். இரவு கார்டை நீட்டி 180 டாலர் கட்டினேன். பிள்ளைகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறென்ன செய்வது.

குளம் சூடாகும்வரை கடலுக்குப் போகலாம் என்று மறுநாள் காலையில் போனோம். வெயில் நன்றாகவே இருந்தது, எழுபது டிகிரி ஃபாரன்ஹீட். தண்ணீரில் கால் வைத்தால் எலும்பு வரைக்கும் குத்துகிறது. இதுதான் இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்த காரணம். ஊரின் வெப்பநிலை என்று நாம் தேடிப் பார்ப்பதெல்லாம் காற்றின் வெப்பம். மார்ச் மாதத்தில் மெக்சிகோ வளைகுடாவின் வடக்குக் கரையில், அதாவது ஃப்ளோரிடாவின் டெஸ்டின், பனாமா சிட்டி பீச், பென்சகோலா, அலபாமாவின் கல்ஃப் ஷோர்ஸ் எல்லாவற்றிலும் கடல் தண்ணீர் அறுபதுகளின் நடுவில்தான் இருக்கும். கல்லூரிப் பசங்க மணலில் பாட்டுப் போட்டுக்கொண்டு கிடப்பதற்கு அது போதும். நாள் பூராவும் தண்ணீருக்குள் கிடக்கத் துடிக்கும் பதின்மூன்று வயதுப் பையனுக்குப் போதாது. அதே ஃப்ளோரிடாவில் மயாமி பக்கம் அட்லாண்டிக் தண்ணீர் மார்ச்சில் 75-ஐ ஒட்டி இருக்கும். கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவில் 80-ஐத் தொடும். டெஸ்டினிலிருந்து மயாமி காரில் ஒன்பது பத்து மணி நேரம். ஒரே மாநிலம் என்பதால் ஒரே வெயில் என்று நினைக்கத் தோன்றும். அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவா ஊர்வாரியாக, மாதவாரியாகக் கடல் தண்ணீரின் சராசரி வெப்பத்தை ஒரே பக்கத்தில் போட்டு வைத்திருந்தது, 2025-ல் அதை நிறுத்திவிட்டார்கள். இருந்தாலும் ஊரையும் மாதத்தையும் போட்டுக் கடல் தண்ணீரின் வெப்பத்தைத் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது. எழுபத்தைந்துக்குக் கீழே இருந்தால் பிள்ளைகள் தண்ணீரில் நிற்க மாட்டார்கள் என்பது என் அனுபவம்.

அடுத்த நாள் காற்று எழுந்துவிட்டது. கரையில் இரட்டைச் சிவப்புக் கொடி. அந்தக் கொடிகளின் அர்த்தத்தைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிக்கொடுங்கள். பச்சை என்றால் கடல் அமைதி. மஞ்சள் என்றால் கவனம். ஒற்றைச் சிவப்பு என்றால் அலையும் இழுப்பும் கடுமை. ஊதா என்றால் ஜெல்லி மீன் போன்றவை இருக்கின்றன. இரட்டைச் சிவப்பு என்றால் கடலில் யாருமே இறங்கக் கூடாது, மீறினால் ஃப்ளோரிடாவில் ஐந்நூறு டாலர் வரை அபராதம் உண்டு. அபராதம் கிடக்கட்டும். 2023 ஜூனில் பனாமா சிட்டி பீச் கடலில் பலர் செத்துப்போனார்கள். அலை பெரிதாகத் தெரியாத இடத்திலும், கரையிலிருந்து கடலை நோக்கி ஓடும் ரிப் கரண்ட் என்கிற நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போகும். அதில் மாட்டினால் கரையை நோக்கி நீந்திச் சோர்ந்துவிடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியே வந்த பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். என் பையன் நல்ல நீச்சல்காரன். அந்தத் தைரியம்தான் எனக்குப் பயம். நாள் முழுக்கக் கண் எடுக்காமல் கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். இன்னொரு பெரியவர் கூட இருந்திருந்தால் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கலாம். தனியாகப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற அம்மாக்கள், அப்பாக்கள் உயிர்காக்கும் காவலர் (லைஃப்கார்ட்) உள்ள கடற்கரையாகப் பார்த்தே வீடு எடுங்கள். வாடகை இருபது டாலர் கூட ஆனாலும் பரவாயில்லை. காற்றினால் டால்பின் படகும் ரத்தாகி, பணமாகத் தராமல் "அடுத்த முறை வாருங்கள்" என்று வவுச்சர் கொடுத்தார்கள். 140 டாலர். அடுத்த முறை என்று ஒன்று எங்களுக்கு அந்த ஊரில் இல்லை.

சாயங்காலம் கடைத்தெருவுக்காவது போகலாம் என்றால் 98-ஆம் நம்பர் நெடுஞ்சாலைதான் ஊருக்குள் முக்கிய வழி. நாலு மைலுக்கு முக்கால் மணி நேரம் ஊர்ந்தோம். போய்ச் சேர்ந்ததும் பிள்ளைகள் தனியாக ஐஸ்கிரீம் வாங்கி வருகிறோம் என்று கிளம்பினார்கள். எட்டு மணி தாண்டியிருந்தது. ஒரு காவலாளி நிறுத்தி, வயது கேட்டு, கூட வந்த பெரியவர் எங்கே என்று கேட்டு என்னிடம் கொண்டுவந்து விட்டார். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் தனியாக நடமாடக் கூடாது என்று ஸ்பிரிங் பிரேக் காலத்துக்கு மட்டும் கட்டுப்பாடாம். என் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. "நான் என்னம்மா தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. மார்ச் மாதம் மட்டும் இப்படிக் கெடுபிடி செய்கிற கடற்கரை ஊர்கள் நிறைய. பனாமா சிட்டி பீச்சில் மார்ச் பூராவும் மணலில் மது தடை, கல்ஃப் ஷோர்ஸிலும் ஸ்பிரிங் பிரேக் காலத்தில் அப்படித்தான். மயாமி பீச் 2024-ல் வெளிப்படையாகவே ஸ்பிரிங் பிரேக் கூட்டம் வேண்டாம் என்று விளம்பரம் செய்து, கார் நிறுத்தவே நூறு டாலர் என்று வைத்தது. கூட்டத்துக்கு அஞ்சி ஊர்கள் செய்வதில் நியாயம் உண்டு. ஆனால் டீனேஜ் பிள்ளைகள் லீவில் கேட்பதே கொஞ்ச நேரம் நம் பார்வைக்கு வெளியே தாங்களாகச் சுற்றுவதுதான். அதற்கு இடமில்லாத ஊரில் கடல் எவ்வளவு அழகாக இருந்தும் அவர்களுக்குப் பிரயோஜனமில்லை. போகிற ஊரின் நகராட்சிப் பக்கத்தில் மார்ச் மாத ஊரடங்கு விதி இருக்கிறதா என்று தேடிவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அன்று இரவு பாத்திரம் கழுவும்போது அழுகை வந்துவிட்டது. மதுரையில் அப்போது காலை. போன் பண்ணி, "ஏங்க, மூவாயிரத்துக்கு மேல செலவு பண்ணி ரெண்டும் ரூம்ல போனைப் பாத்துட்டு உக்காந்திருக்குங்க" என்றேன். "நீ தனியா அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போனதே பெருசு" என்றார். அப்பா ஐ.சி.யூ.வில் இருக்கும்போது அவர் என்னைத் தேற்றினார் என்பது இன்னும் மனதில் நிற்கிறது.

ஒரு நாள் மட்டும் நன்றாக அமைந்தது. கடையில் பில் போட்ட அம்மாள், வடக்கே ஒரு மணி நேரத்தில் போன்சே டி லியோன் ஸ்பிரிங்ஸ் என்று அரசுப் பூங்கா இருக்கிறது, பூமிக்கடியிலிருந்து வரும் ஊற்று, வருடம் பூராவும் 68 டிகிரி என்று சொன்னார். கடலை விடச் சில டிகிரிதான் கூட, ஆனால் அலையும் காற்றும் இல்லாததால் பிள்ளைகள் மதியம் வரை ஏறவே இல்லை. ஃப்ளோரிடா முழுக்க இப்படி ஊற்றுகள் இருக்கின்றன, நடு ஃப்ளோரிடாவில் பலவும் 72 டிகிரி. நுழைவுக் கட்டணம் காருக்குச் சில டாலர்தான். வடக்கு ஃப்ளோரிடாவில் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்களுக்கு இது கை கொடுக்கும்.

மறு வருடம் கணவர் வந்துவிட்டார், ஸ்டாம்பிங் அவருக்கு ஆயிற்று, எங்களுக்கு ஆகவில்லை. தண்ணீர் சூடு, விசா வேண்டாம், கல்லூரிக் கூட்டம் குறைவு, மூன்றையும் வைத்துத் தேடியபோது போர்ட்டோ ரிக்கோதான் நின்றது. அது அமெரிக்க மண் என்பதால் அங்கே போவது உள்நாட்டுப் பயணம். இருந்தாலும் நம் மாதிரி விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட், ஐ-797, நாட்டுக்குள் வந்ததற்கான பதிவான ஐ-94 எல்லாவற்றையும் கையில் வைத்திருங்கள். விமான நிலையத்தில் கேட்டால் தடுமாற வேண்டாம். திரும்பும்போது பைகள் வேளாண் துறைச் சோதனையைத் தாண்டித்தான் வர வேண்டும், பல வகைப் பழங்களைத் தூக்கி வர முடியாது. டிக்கெட் டெஸ்டினை விடக் கூடத்தான் ஆனது. ஆனால் கடலே சூடாக இருக்கும் ஊரில் குளம் உள்ள வீடு தேவைப்படவில்லை. கடற்கரை எல்லாமே சட்டப்படி பொதுமக்களுக்கு. டெஸ்டினிலோ மணலில் வரிசையாக நட்டு வைத்திருந்த வாடகைக் குடைகளுக்கு நாளுக்கு அறுபது டாலர் அழுதேன். கடைசியில் கூட்டிப் பார்த்தால் நாலு பேருக்கு ஆன செலவு முந்தின வருடம் மூன்று பேருக்கு ஆனதை ஒட்டியே வந்தது.

அங்கேயும் தெரிந்துகொண்டு போக வேண்டியது உண்டு. தலைநகர் சான் ஹுவானின் வடக்குக் கரையில் மார்ச்சில் அலை மோசம். லுக்கியோவில் பவளத்திட்டு மறைப்பதால் தண்ணீர் ஏரி மாதிரி நிற்கும், குளிக்க அங்கே போங்கள். பீன்ஸ் சாதம் என்று எங்கும் கிடைக்கும், அதில் பெரும்பாலும் பன்றி இறைச்சி சேர்த்திருப்பார்கள், சைவம் என்றால் கேட்டுச் சாப்பிடுங்கள். நான் சின்ன எலக்ட்ரிக் குக்கரும் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் எப்போதும் பெட்டியில் வைப்பேன், இரண்டு வேளை சாப்பாட்டுச் செலவு மிச்சம். மது அருந்தும் வயது அங்கே 18, ஆகவே பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளை இருந்தால் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். ஃபஹார்தோவில் லகுனா கிராண்டே என்கிற ஏரியில் இரவில் கயாக்கில் கூட்டிப்போகிறார்கள். அலையாத்திக் காட்டு நடுவே குகை மாதிரி வாய்க்கால். துடுப்பைப் போட்டால் தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்கள் நீலமாக ஒளிர்கின்றன. அமாவாசையை ஒட்டிப் போனால்தான் நன்றாகத் தெரியும். 2025-ல் மார்ச் 29 அமாவாசை என்று நம் காலண்டரைப் பார்த்தே நாள் குறித்தேன். பெண்ணும் பையனும் ஒரே கயாக்கில், நாங்கள் பின்னால் வேறொன்றில். முன்னால் இருட்டுக்குள் அவர்கள் சண்டை போடும் சத்தம் மட்டும் கேட்டது, ஒவ்வொரு துடுப்புக்கும் ஒரு நீலக் கோடு.

அவ்வளவு தூரம் விமானம் ஏற விருப்பமில்லாதவர்களுக்கு, அல்லது தெற்கு ஃப்ளோரிடாதான் வேண்டும் என்பவர்களுக்கு, மயாமிக்கு வடக்கே ஹாலிவுட் கடற்கரையைச் சொல்வேன். கடலோரமாக இரண்டரை மைல் நடைபாதை, சைக்கிள் ஓட்டலாம், பகலில் பிள்ளைகளைத் தனியாக விடலாம். அங்கிருந்து எவர்கிளேட்ஸின் ஷார்க் வேலி ஒரு மணி நேரம்தான். பதினைந்து மைல் சைக்கிள் பாதையில் முதலைகள் ஓரத்தில் படுத்துக் கிடக்கும். மார்ச்சில் வறண்ட காலம், கொசு குறைவு. கடலே வேண்டாம் என்றால் அரிசோனாவின் டூசான். அதே மாநிலத்து ஃபீனிக்ஸ் பக்கமோ மார்ச்சில் பேஸ்பால் பயிற்சி ஆட்டங்களால் ஹோட்டல் விலை ஏறிக் கிடக்கும்.

டிக்கெட் போடும்போது ஒன்று ஞாபகம் வையுங்கள். கிளம்புவதற்கு ஏழு நாளுக்கு முன்பாக விமான நிறுவனத்திடமே நேராக வாங்கினால் 24 மணி நேரத்துக்குள் முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம். ஆகவே விலை நன்றாக இருந்தால் முதலில் டிக்கெட்டைப் போட்டுவிட்டு, அந்த ஒரு நாளுக்குள் வீட்டுக்காரருக்கு எழுதி குளத்தைப் பற்றிக் கேளுங்கள், ஊரடங்கு விதியைத் தேடுங்கள், கடல் தண்ணீரின் வெப்பத்தைப் பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்தே தேடுங்கள். இந்த வருடம் என் பையனே கடல் தண்ணீரின் வெப்பத்தைத் தேடிப் பார்த்து இரண்டு ஊரை அடித்துவிட்டான். குளத்தைச் சூடாக்கித் தராத வீட்டை அவன் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறான்.